பதில்: ஜெனரேட்டர் நிதி – விலைப்பட்டியலில் விடுபட்டவை

செயலாளர் மாமா அவர்களுக்கும் சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன்பாகத் தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்க நிதி கேட்டு மாமா அனுப்பிய மடலையும், பழைய கணக்கு வராமல் புதிய பணம் கிடையாது என்று துபாய் அண்ணன் எழுதிய பதிலையும் படித்தேன். அண்ணன் கேட்பது நியாயம்தான். ஆனால் பட்டியலில் உள்ள தொகைகளைக் கூட்டிப் பார்த்த அவர், அதில் இல்லாத பொருளைக் கவனிக்கவில்லை. இயந்திரங்களுக்கு விலை இருக்கிறது, சர்வீஸுக்கு இருக்கிறது, நன்கொடையாளர் பெயர் பொறிக்கும் பித்தளைத் தகட்டுக்குக்கூட இருக்கிறது; தெருக்கம்பி மின்சாரம், ஜெனரேட்டர் மின்சாரம் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டுக்குள் விடும் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு ஒரு வரிகூட இல்லை.

அண்மையில் ஊருக்குப் போன என் தங்கை, கஜா புயலுக்குப் பிறகு நாம் வாங்கிக் கொடுத்த ஜெனரேட்டர் பெரிய வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில், அத்தைப்பாட்டி படுக்கும் அறையின் சன்னலுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். அதிலிருந்து போன வயரின் இரண்டு முனைகளிலும் பிளக். ஒன்று ஜெனரேட்டரில், மற்றொன்று கூடத்துச் சுவரில் ஃபிரிட்ஜுக்கு உரிய இடத்தில். தெரு இணைப்பைத் துண்டிக்கும் மெயின் சுவிட்சை இறக்கியாயிற்றா என்று கேட்டதற்கு, "தம்பி எப்பவும் இறக்கிடுவான்" என்று பதில் வந்ததாம்.

தம்பி ஒரு நாள் மறந்தால், அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாக ஏறினால், மறுபுறம் 11,000 வோல்ட்டாக வெளிவரும். சின்ன மெஷின் அவ்வளவு தூரம் தாங்காது என்று சிங்கப்பூர் மச்சான் எழுதக்கூடும். சுமை அதிகமானால் அது நின்றுவிடலாம். ஆனால் புயலில் கம்பி அறுந்து, நாலைந்து வீடுகள் மட்டுமே இணைப்பில் இருக்கும்போது நிற்கும் என்று யார் உறுதி சொல்வது? கம்பத்தில் இருப்பவரைக் கொல்ல 230 வோல்ட்டே போதும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையைக் கடந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்த பின், வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் நம் பக்கத்துச் சேற்று வயல்களில் இறங்கிக் கம்பம் நட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். லைன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் மேலே ஏறுகிறவர்கள் அவர்கள். தவிர, அந்த வயர் சுவரிலிருந்து கழன்று விழுந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் கம்பிகளிலேயே மின்சாரம் இருக்கும். பெரிய வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.

புகை விஷயம் இதைவிடக் கவலை தருகிறது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். நான் இருக்கும் ஹூஸ்டனில் 2021 பிப்ரவரி உறைபனியில் மின்சாரம் போனபோது, இப்படிப்பட்ட புகையால் வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள் உண்டு. சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது பிழையான நம்பிக்கை. அத்தைப்பாட்டிக்குக் காலையில் தலைவலியும் குமட்டலும் வருவதைப் பித்தம் என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் கொடுத்து வருகிறார்களாம். கரண்ட் போன இரவுகளுக்கு மறுநாள்தானா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

இயந்திரம் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க நிற்க வேண்டும். வெளியே வைத்தால் களவு போகும் என்று மாமா சொல்வது உண்மை. ஆகவே நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையையும், சிமென்ட் தளத்தில் பதித்த இரும்பு வளையத்தையும், சங்கிலியையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன். ஓடும்போதே பெட்ரோல் ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். சூடான சைலன்சரில் சிந்தினால் பற்றிக்கொள்ளும். நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுவதற்குள் இருட்டில் யாரும் கெட்டுப்போய்விட மாட்டார்கள்.

வெளிநாட்டில் உட்கார்ந்து ஊராருக்குப் பாடம் எடுப்பதாகச் சிலர் வருந்தலாம். பணம் நம்முடையது என்றால் அந்த வயருக்கும் நாம்தான் பொறுப்பு. பித்தளைத் தகட்டை நீக்கிவிட்டு, உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியன் மெயின் போர்டில் பொருத்தும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச், எர்த், படுக்கையறைக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆகியவற்றோடு புதிய மதிப்பீடு வந்தால், என் பங்கை அன்றே அனுப்புகிறேன். பழைய ஜெனரேட்டருக்கும் சுவிட்ச் முதலில் போடட்டும்; அந்தச் செலவு முழுவதும் என்னுடையது, துபாய் அண்ணன் ரசீது கேட்டால் ரசீதும் உண்டு.

கீழத்தெரு சித்தப்பா எழுப்பிய வரப்புத் தகராறுக்குத் தனி மடலில் பதில் எழுதுகிறேன்.