கோட்டம் எடுத்துக் கொடுத்த தாத்தா

பயணத்தில் சந்தித்தவர்களைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். நானும் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

பொங்கல் முடிந்த வாரம், ஒன்பது பேர் ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சைக்கிளில் கிளம்பினோம். கூடாரம், படுக்கை, அடுப்பு, அரிசி எல்லாம் அவரவர் சைக்கிளிலேயே. பின்னால் உதவி வண்டி எதுவும் கிடையாது. நான் சொல்லப்போவது மூன்றாம் நாள். மனோராவிலிருந்து வேதாரண்யம், ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

முந்தின இரவு மனோராவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் கூடாரம் போட்டிருந்தோம். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய கோபுரம் அது. ஆனால் எனக்கு அந்தத் தோப்புதான் மனதில் நிற்கிறது. பாதி மரங்கள் 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பிறகு வைத்த கன்றுகள். மீதி மரங்களின் நிழலில்தான் எங்கள் கூடாரங்கள் அத்தனையும் நின்றன.

விடியற்காலை டீக்கடையில் ஒரு மீனவர் எங்கள் மூட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வாடைக்கு எதுத்தாப்புல போறீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள முத்துப்பேட்டையத் தாண்டிருங்க, அப்புறம் மிதிக்க முடியாது" என்றார். தை மாதத்தில் இந்தக் கரையில் வடக்கு நோக்கிப் போனால் காற்று முகத்தில்தான் அடிக்கும் என்று எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் கூடாரம் மடித்துக் கிளம்ப ஏழரை ஆகிவிட்டது.

அதிராம்பட்டினம் வரை சிரமம் இல்லை. முத்துப்பேட்டை தாண்டியதும் அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஒருவர் பின்னால் ஒருவராக வரிசை கட்டினோம். முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருபவர்களுக்குப் பாரம் நன்றாகக் குறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் விலகிக் கடைசிக்குப் போவார். அறுவடைக் காலம் என்பதால் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் சக்கரம் ஏறிவிடாமல் ஒதுங்கும்போதெல்லாம் வரிசை கலைந்துபோகும்.

என் முறை முடிந்து பின்னால் நகர்ந்தபோது, பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். போக்ஸ் கம்பி ஒன்று அறுந்துவிட்டது. சக்கரம் கோணி, ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டையில் உரசியது. சட்டத்தில் டேப் போட்டு ஒட்டிவைத்த உபரிக் கம்பிகள் இரண்டு இருந்தன. அறுந்ததும் கியர் இல்லாத பக்கம்தான், அதனால் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. புதுக் கம்பியை மாட்டிவிட்டோம். கோட்டம் எடுக்க, அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்த மட்டும் எங்களில் யாருக்கும் சரியாக வரவில்லை. ஒரு இடம் நேரானால் இன்னொரு இடம் வெளியே தள்ளியது.

ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு போனபின் சின்னக் கடைத்தெரு ஒன்று வந்தது. கீற்றுக் கொட்டகையில் ஒரு சைக்கிள் கடை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் தாத்தா, அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சைக்கிள் ஒன்றுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது யாரு முறுக்குனது?"

"நாங்கதான் தாத்தா."

"எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கீங்க பாப்பா. பையெல்லாம் இறக்கு."

சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். முதலில் கம்பி முறுக்கும் சாவியையே எடுக்கவில்லை. கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அமுக்கிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். அப்புறம் விரல் நகத்தால் ஒவ்வொன்றையும் தட்டினார். ஒன்று கணீரென்றது, அடுத்தது மந்தமாக ஒலித்தது. மந்தமானதெல்லாம் தொய்வு என்றார். சட்டத்தில் கையை ஊன்றி, ஒரு சாக்பீஸை ரிம்முக்கு மயிரிழை தூரத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினார். வெளியே தள்ளிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்தில் ஒரு பக்கத்து நிப்பிளை, அதாவது கம்பி நுனியில் இருக்கும் திருகை, கால் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்தினார். கோட்டைத் துடைத்தார். மறுபடி சாக்பீஸ். முக்கால் மணி நேரம் இதேதான். காற்றோடு மல்லுக்கட்டி வந்த எனக்கு அந்த முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

வாடகைச் சைக்கிள் கடையில் சின்னப் பையனாகச் சேர்ந்து பழகிய கை என்று சொன்னார். முப்பது சைக்கிளுக்கும் வாரம் ஒருமுறை கோட்டம் பார்ப்பாராம். நூறு ரூபாய் கேட்டார், கொடுத்தோம். கிளம்பும்போது, "பின்னாடி மட்டும் சுமைய ஏத்தாதே, முன்னாடியும் பிரிச்சுக் கட்டு. முன்சக்கரத்தையும் ராத்திரி பார்த்துரு. ஊர் போனதும் போன் போட்டுச் சொல்லு" என்று எண்ணையும் கொடுத்தார்.

திருத்துறைப்பூண்டி தாண்டும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து உப்பு அள்ள நடந்துபோன பாதை அது. அவர்களுக்குச் சோறு தரக்கூடாது என்று கலெக்டர் தடை போட்டபோது, ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்ததாகச் சொல்வார்கள். அந்த இருட்டில், இரண்டு பக்கமும் புளியமரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான். வேதாரண்யத்தில் கூடாரம் போட இடம் கொடுத்த வீட்டு அக்கா, எட்டு மணிக்குப் போய் நின்ற எங்களை அடுப்பு பற்றவைக்க விடவே இல்லை. ஒன்பது பேருக்கும் சுடுசோறும் மீன்குழம்பும் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அன்று சாப்பிட்ட மாதிரி நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

சென்னை சேர்ந்த மறுநாள் தாத்தாவுக்குப் போன் செய்தேன். யார் என்று சொல்லி முடிப்பதற்குள், "கோட்டம் விழுந்துச்சா?" என்றார்.

"இல்ல தாத்தா, கோடு மாதிரி ஓடுது."

"முன்சக்கரம் பார்த்தியா?"

பார்க்கவில்லை. சொன்னேன். "பாரு பாப்பா" என்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே மொட்டை மாடியில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று இடத்தில் கோடு விழுந்தது.