கார்பெட்டில் மூத்திரம் போகும் பூனை: எங்கள் மிளகின் கதை, உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

எங்கள் மிளகுக்கு அப்போது நாலு வயது. ஆண், கருத்தடை செய்தாயிற்று, வீட்டுக்குள்ளேயே வளர்பவன். குட்டியாக வந்த மறுநாளே, பூனை போவதற்கு மண் போட்டு வைக்கும் லிட்டர் ட்ரேயைத் தானாகக் கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்தவன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட இடம் மாறிப் போனதில்லை. அப்படிப்பட்டவன் தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஹாலில் விரித்திருந்த கம்பளி கார்பெட்டின் நடுவில் குந்தி உட்கார்ந்தான். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூத்திரம் போனான்.

“வீம்புக்குப் பண்றான் பாரு” என்றார் அத்தை. அவர் ஊரிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மிளகு வழக்கமாகத் தூங்கும் அறையை அவருக்குக் கொடுத்திருந்தோம். எனக்கும் அதுதான் காரணம் என்று பட்டது. அடுத்த சில நாள் நான் செய்த தப்பெல்லாம் அந்த ஒரு நினைப்பிலிருந்து வந்தவை. இன்று யாராவது இதே நிலையில் இருந்தால், அந்த நாட்களை அவர்களாவது வீணாக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அதட்டினேன். தூக்கிக்கொண்டு போய் ட்ரேயில் உட்கார வைத்தேன், குதித்து ஓடினான். நாற்றம் வருகிறதே என்று ட்ரேயை ஹால் மூலையிலிருந்து எடுத்துக் குளியலறையில் வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தேன். மூடி போட்ட புது டப்பாவும் மல்லிகை வாசனை போட்ட மண்ணும் வாங்கினேன். கார்பெட்டை ஃபினாயில் கலந்த தண்ணீரில் தேய்த்தேன். இந்தக் கடைசி வேலைதான் எவ்வளவு ஆபத்தானது என்று பிறகு தெரிந்தது. கறுப்பு ஃபினாயில், டெட்டால் போன்றவற்றில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை நக்கி நக்கியே உள்ளே எடுத்துக்கொள்ளும். பூனை அந்தப் பக்கம் வராமலிருக்கப் பாச்சை உருண்டை போடச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் விஷம். தயவுசெய்து போடாதீர்கள்.

தீபாவளிக்கு மறுநாள் இரவு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை போய் உட்கார ஆரம்பித்தான். டப்பா, கார்பெட், குளியலறைத் தரை, திரும்பவும் கார்பெட். முதுகைக் கூனி முக்குகிறான், ஒன்றும் வரவில்லை. எழுந்து அடியை நக்குகிறான். மலச்சிக்கல் என்று நினைத்தோம். போனில் கேட்ட ஒரு மருத்துவரும் அதையே சொல்லி, கொஞ்சம் எண்ணெய் கொடுங்கள் என்றார். இரவு பன்னிரண்டரை மணிக்கு வெள்ளை டைல்ஸில் இரண்டு சொட்டு விழுந்தது. இளஞ்சிவப்பாக இருந்தது.

விடியற்காலையில் வாந்தி எடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். கூடையில் வைத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டர் அடிவயிற்றில் கை வைத்ததும் அவர் முகம் மாறியது. மூத்திரப்பை சாத்துக்குடி அளவுக்கு உருண்டு, கல்லாக இருந்தது. முழு அடைப்பு. ஆண் பூனையின் மூத்திரக் குழாய் நுனியில் ரொம்பக் குறுகல். மூத்திரப்பை புண்ணாகி வீங்கும்போது உதிரும் சளியும் ஸ்ட்ரூவைட் என்ற படிகத் துகளும் சேர்ந்து அங்கே தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். மூத்திரம் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுபோகும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். “சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்னு வச்சிருந்தீங்கன்னா…” என்று தொடங்கியவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டார்கள். டிரிப் ஏற்றினார்கள். மூன்று நாள் ஆனது.

அந்த மூன்று நாளும் எனக்குள் ஓடியது ஒரே காட்சி. கார்பெட்டில் உட்கார்ந்தபடி அவன் என் முகத்தைப் பார்த்தானே, அது. அதை நான் வீம்பு என்று படித்தேன்.

அனுப்பிவைக்கும் நாளில் டாக்டர் எங்களை உட்கார வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். ட்ரே எங்கே இருக்கிறது, எத்தனை, எவ்வளவு நீளம், என்ன மண், எத்தனை விரல் ஆழம், எத்தனை நாளுக்கு ஒரு முறை அள்ளுகிறீர்கள், தண்ணீர் எங்கே, வீட்டுக்கு யார் வந்தார்கள், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது. கடைசிக் கேள்வி எனக்கு விளங்கவே இல்லை. அவர் சொன்னபிறகுதான் பால்கனிக்கு வெளியே சன்ஷேடில் தினமும் விடிகாலை வந்து உட்காரும் கறுப்புக் கடுவன் ஞாபகத்துக்கு வந்தது. மிளகு கிரில்லுக்கு இந்தப் பக்கம் வாலைப் புடைத்துக்கொண்டு நிற்பான். நான் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளுக்கு வரும் மூத்திரப்பைத் தொல்லையில் பாதிக்கு மேல், பரிசோதித்தால் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காதாம். மன உளைச்சல் அதைக் கிளப்பிவிடும். எங்கள் வீட்டில் கடுவன், வெடிச்சத்தம், புது ஆள், அறை பறிபோனது எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்தன.

சரி, ஏன் கார்பெட்? இதற்கு அவர் சொன்ன பதிலை நான் பலருக்குச் சொல்லிவிட்டேன். ட்ரேயில் உட்காரும்போதெல்லாம் வலித்தால், வலியைக் கொடுப்பது ட்ரே என்று பூனை முடிவுகட்டிவிடும். வேறு இடத்தில் போனால் வலிக்காதோ என்று தேடும். காலுக்கு மெத்தென்று இருந்து, ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்வது கார்பெட்தான். உடம்பு தேறிய பிறகும் அந்தப் பயம் போகாது. அதனால் பழைய டப்பாவைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய உருவத்தில், புதிய இடத்தில் வைக்கச் சொன்னார்.

துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினோம். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதில் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். கடையில் லிட்டர் ட்ரே என்று விற்பவற்றில் பெரும்பாலானவை வளர்ந்த பூனைக்குச் சின்னவை. முன்பக்கத்தை வெட்டித் தாழ்த்தினோம். மூடி கிடையாது. எந்த மண் என்று அவனிடமே கேட்டுவிட்டோம்: இரண்டு பெட்டியில் இரண்டு விதம், ஒன்றில் தேங்காய் நார்த்தூள், இன்னொன்றில் வாசனை இல்லாத, மாவாக அரைத்த பென்டோனைட் களிமண். நாலே நாளில் பதில் வந்தது. நார்த்தூளை முகர்ந்துவிட்டுப் போனான், களிமண்ணில் தோண்டி உட்கார்ந்தான். நாலு சென்டிமீட்டர் ஆழம் போதும். வாசனை நமக்காகப் போடுவது. அவன் மூக்குக்கு அது தண்டனை.

ஒரு பூனைக்கே இரண்டு ட்ரே. ஒன்று படுக்கையறையில், இன்னொன்று ஹாலில், கார்பெட் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில். ஹாலில் ட்ரேயா என்று வீட்டில் வருத்தம். விருந்தாளிக்காகப் பார்த்தால் மறுபடி வேப்பேரிதான் என்றேன். காலையும் இரவும் அள்ளுகிறோம். அப்படி அள்ளினால் நாற்றம் வருவதே இல்லை.

கார்பெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு முறை துவைத்து மொட்டைமாடியில் காயவைத்து, நாற்றம் போய்விட்டது என்று விரித்தோம். மழை பிடித்த அன்று வீடு முழுக்க அதே நாற்றம். பூனை மூத்திரத்தின் யூரிக் அமிலப் படிகம் தண்ணீரில் லேசில் கரையாது. நூலிழைக்குள் காய்ந்து கிடக்கும், காற்றில் ஈரப்பதம் ஏறியதும் எழுந்து வரும். நமக்கு நாற்றம் தெரியாத நாளிலும் பூனைக்குத் தெரியும், தெரிந்தால் அங்கேயே போகும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம்தான் அதை உடைக்கிறது. அதிலும் நான் முதலில் தெளித்துத் துடைத்துவிட்டேன், பிரயோஜனமில்லை. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் திரவமும் இறங்க வேண்டும். ஊற்றி, ஈரத்துணியால் மூடி, ஒரு ராத்திரி விட்டு, பிறகு பழைய வேட்டியால் ஒற்றி எடுத்தேன். மூன்று முறை செய்த பிறகு விட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்தால் கறை மஞ்சள் பச்சையாக மின்னும். எனக்குத் தெரியாத இரண்டு இடங்கள் சோபாவுக்குப் பின்னால் இருந்தன. பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

தை வரை கார்பெட்டைச் சுருட்டியே வைத்திருந்தோம். விரித்தபோது அந்த இடத்தின்மேல் அவன் சாப்பாட்டுத் தட்டை வைத்தேன். சாப்பிடும் இடத்தில் பூனை பெரும்பாலும் அசிங்கம் செய்யாது.

தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும் என்பதால் ஈர உணவுக்கு மாற்றினோம். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்த மீனின் தண்ணீரையும் கொஞ்சம் விடுவேன். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களையே அழித்துவிடும். பால்கனி கிரில்லில் பாதி உயரத்துக்குப் பச்சை வலை கட்டினோம். கறுப்புக் கடுவன் இன்னும் வருகிறான், இவனுக்குத் தெரிவதில்லை.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

*

மதுரையிலிருந்து:

அக்கா, எங்கள் வீட்டில் இரண்டு பெண் பூனைகள், உடன்பிறந்தவை. மூன்றாவதாக ஒரு குட்டியை எடுத்து வந்த பிறகு, இரண்டாவது பூனை பூஜை அறை ஜமக்காளத்தில் போக ஆரம்பித்தது. மருத்துவரிடம் காட்டினோம், உடம்பில் கோளாறு இல்லை. பூனை எண்ணிக்கைக்கு மேல் ஒரு ட்ரே என்று படித்து நாலு ட்ரே வாங்கி, பின்கட்டில் வரிசையாக அடுக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது. மூத்தவள் பின்கட்டு வாசல்படியில் சும்மா படுத்திருப்பாள். சண்டை இல்லை, சீறல்கூட இல்லை. இளையவள், அதாவது அந்த இரண்டாவது பூனை, வருவாள், அவளைப் பார்ப்பாள், திரும்பிப் போய்விடுவாள். வரிசையாக வைத்த நாலும் பூனைக்கு ஒன்றுதான், ஏனென்றால் போகும் வழி ஒன்று. ஒன்றை மாடிப்படி அடியிலும் ஒன்றை முன் அறையிலும் பிரித்து வைத்தேன். இளையவள் படி அடியில் இருப்பதைப் பிடித்துக்கொண்டாள். ஜமக்காளம் பிழைத்தது.

*

ஸ்கார்பரோவிலிருந்து:

இஞ்ச கனடாவில வீடு முழுக்கச் சுவருக்குச் சுவர் கார்பெட், சுருட்டி வைக்க ஏலாது. எங்கட பூனைக்குப் பதினாலு வயசு. போன மாரியில கீழ்ப்படிக்குப் பக்கத்தில சலம் போகத் தொடங்கினவ. அவவின்ர பெட்டி நிலக்கீழ் அறையில, உடுப்புத் தோய்க்கிற மிசினுக்குப் பக்கத்தில இருந்தது. வயசு போய் மறதி வந்திட்டுது எண்டு நாங்கள் கதைச்சனாங்கள். மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பாத்தால் இடுப்பில மூட்டுவாதம். பதின்மூண்டு படி இறங்கி, உயரமான பெட்டிக்குள்ள காலைத் தூக்கி வைக்கிறதுக்கிடையில அடக்கேலாமல் போயிருக்கிறா. பூனை நொண்டிக் காட்டாது, அதுதான் எங்களுக்குத் தெரியாமல் போனது. ரத்தத்தில சிறுநீரகமும் சீனியும் பாத்தவை, அது ரெண்டும் சரி.

இப்ப ஒவ்வொரு தட்டிலயும் ஒரு பெட்டி, வாசல் ஏழு சென்டிமீட்டர்தான் உயரம். நோவுக்கு மருந்து குடுக்கிறம். ஆராவது எங்கட ஆக்கள் வீட்டில இருக்கிற பாரசிட்டமோலைக் குடுக்க யோசிச்சால், வேண்டாம். பூனைக்கு ஒரு குளிசையே காணும், செத்துப்போகும்.

கார்பெட் கழுவ நீராவி மிசின் வாடகைக்கு எடுத்ததுதான் எங்கட பிழை. சூடு பட்டு நாத்தம் இன்னும் ஊறிப் பிடிச்சுது. கடைசியில அந்தத் துண்டை வெட்டி, அடியில இருக்கிற நுரைப்பஞ்சையும் எடுத்து எறிஞ்சு, பலகைக்கு நாத்தம் அடைக்கிற பூச்சு அடிச்சனாங்கள்.

*

சேலத்திலிருந்து:

எங்களுடையது எட்டு மாதக் கடுவன். உட்காராமல், நின்றபடி வாலைத் தூக்கி நடுங்க நடுங்கச் சுவர் மேலும் சோபா முதுகிலும் பீய்ச்சுகிறான், கொஞ்சம் கொஞ்சமாக. கார்பெட் ஓரமும் நனைகிறது. இதுவும் அடைப்பா? பயமாக இருக்கிறது.

*

மிளகு வீட்டிலிருந்து:

நீங்கள் சொல்வது அடைப்பு மாதிரி இல்லை தம்பி. நின்றபடி, செங்குத்தான இடத்தில், வால் நடுங்கினால் அது எல்லை குறிப்பது. இன்னும் கருத்தடை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். பத்துக் கடுவனில் ஒன்பதுக்கு அதோடு நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். உடனே நிற்காது, ஹார்மோன் வடியச் சில வாரம் எடுக்கும். பீய்ச்சிய இடத்தையெல்லாம் அந்தச் சமயத்திலேயே என்சைம் போட்டுக் கழுவுங்கள்.

ஆனாலும் தினமும் ட்ரேயில் மூத்திரம் பட்டு உருண்ட மண் எத்தனை கட்டி, என்ன அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். குந்தி உட்கார்ந்து முக்கியும் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே கிளம்புங்கள். நாங்கள் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அள்ளுபவர் எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும். இன்று காலை அத்தை குறித்திருக்கிறார்: இரண்டு, எலுமிச்சை அளவு.