சென்னைல ஆபரேஷன்ஸ் ஹெட், இங்க இங்கிலாந்துல எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

வணக்கம் அண்ணா. சென்னைல ஒரு தனியார் ஆஸ்பத்திரில 9 வருஷம் இருந்தேன், கடைசியா ஆபரேஷன்ஸ் ஜிஎம், அதாவது ஆஸ்பத்திரியோட அன்றாட நிர்வாகத்தப் பாக்கற ஜெனரல் மேனேஜர். வீட்டுக்காரர் வேலைக்காக பர்மிங்ஹாம் வந்துட்டோம். இங்க அரசாங்க மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ல பேண்ட் 8சி (அவங்க சம்பளப் படில மேல்மட்டம்) போஸ்டா பாத்து அப்ளை பண்ணிட்டே இருக்கேன், ஒரு இன்டர்வியூ கூட வரல. எங்க தப்பு பண்றேன்?

-----

தங்கச்சி, நானும் மதுரைல ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருந்துட்டு வந்தவன்தான், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். நம்ம ஊர்ல டாக்டர் காலைல 9 மணிக்கே வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிருவாரு, பில்லிங் முடிஞ்சு இன்சூரன்ஸ் அப்ரூவல் வர சாயங்காலம் ஆயிரும், அதுவரைக்கும் சொந்தக்காரங்க கவுண்டர்ல நின்னு சத்தம் போடுவாங்க, அதச் சமாளிக்கறதுலயே நம்ம பொழுது போயிரும். இங்க பில்லே கிடையாது, ஆனா டிஸ்சார்ஜ் நாள் கணக்குல நிக்கும்.

வந்த புதுசுல ஒரு பெட் மீட்டிங், எந்தப் பெட் காலியாகும்னு பாக்கற கூட்டம், காலைல எட்டரை மணி. வார்டு வார்டா படிச்சிட்டு வராங்க. ஒரு பாட்டி, இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி நல்லாயிட்டாங்க, ஆனா நாலு நாளா அதே பெட்ல. என்னடான்னு கேட்டா, வீட்டுக்கு வந்து பாத்துக்கற கேரர் உள்ள போறதுக்கு வாசல் சுவத்துல நம்பர் போட்டுத் தொறக்கற கீ சேஃப் மாட்டணுமாம், மாட்ட ஆள் வரல! அந்தப் பெட் காலியாகாம கீழ எமர்ஜென்சில ஒருத்தர் ராத்திரி பூரா ட்ராலிலயே கெடக்காரு, வெளில ஆம்புலன்ஸ் பேஷன்ட்ட எறக்க முடியாம நிக்குது. இந்த ஊர் சிஓஓ (சீஃப் ஆபரேட்டிங் ஆபீஸர், ஆஸ்பத்திரியோட அன்றாட ஓட்டத்துக்குப் பொறுப்பானவர்) வேலைல பெரும்பாதி இந்த முடிச்ச அவுக்கறதுதாம்மா. எமர்ஜென்சிக்கு வந்தவங்கள்ல 95% பேர 4 மணி நேரத்துல அட்மிட் பண்ணணும் இல்ல அனுப்பணும், காத்திருக்கற லிஸ்ட்ல 92% பேர் 18 வாரத்தத் தாண்டக் கூடாது, கேன்சருக்குத் தனிக் கணக்கு. நாடு முழுக்க பல வருஷமா இந்த ரெண்டையும் எட்ட முடியல, அப்பவும் போர்டு முன்னாடி பதில் சொல்ல வேண்டியவங்க சிஓஓதான்.

சம்பளம் பேண்ட் 9 வரைக்கும் போகும், சிஓஓ பொதுவா அதுக்கும் மேல. 8சிக்கு எடுக்கறவங்க இந்தக் கணக்கோட நீங்க மல்லுக்கட்டியிருக்கீங்களான்னுதான் பாப்பாங்க. பேண்ட் 6 அசிஸ்டென்ட் சர்வீஸ் மேனேஜர் மாதிரி போஸ்ட்டு பாருங்க. அப்ளிகேஷன்ல சிவிய அப்படியே ஒட்டாதீங்க, பர்சன் ஸ்பெசிஃபிகேஷன்ல, அதான் வேலைக்கு என்னென்ன தகுதி வேணும்னு போட்டிருக்கற லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் ஒரு உதாரணம் எழுதணும், அத வச்சு மார்க் போட்டுத்தான் ஷார்ட்லிஸ்ட் பண்றாங்க. வருமானத்த ஏத்துனேன்ங்கறது இங்க எடுபடாது, ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு கேஸுக்கும் அடுத்த கேஸுக்கும் நடுவுல வீணாப்போற நேரத்தக் குறைச்சிருப்பீங்கல்ல, அத எழுதுங்க.

-----

ரொம்ப நன்றிண்ணா. ஆனா பேண்ட் 6னா இத்தன வருஷ உழைப்பும் தண்ணில போன மாதிரி இருக்கு. ராத்திரி தூக்கமே வரல.

-----

அந்த வேதனை எனக்கும் இருந்துச்சும்மா. நான் சேந்தது 5ல, 8ஏ வர ஆறு வருஷம் ஆச்சு. ஆனா அந்த ஆறு வருஷத்துலதான் கன்சல்டன்ட்ட (சீனியர் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர) மிரட்டி இங்க எதுவும் நடக்காதுன்னு புரிஞ்சுது, மேட்ரன் (நர்ஸுகளுக்கு மேல இருக்கற சீனியர் நர்ஸ்) கூட வார்டு முழுக்க நடந்து, ஃபார்மஸில மாத்திரைக்குக் காத்து நின்னு, எது எங்க நிக்குதுன்னு காலாலயே படிச்சேன். மேல வந்தப்புறம் அத கத்துக்க யாரும் நேரம் தரமாட்டாங்க. உங்க 9 வருஷம் எங்கயும் போகல, குளிர்காலத்துல பெட் இல்லாம எல்லாரும் தடுமாறுறப்ப அது தானா வெளில வரும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். விளம்பரத்து அடில அந்த மேனேஜர் பேரும் நம்பரும் போட்டிருப்பாங்க, அப்ளை பண்றதுக்கு முன்னாடியே கூப்பிட்டுப் பேசலாம், அது இங்க சாதாரணம், தயங்காதீங்க. பேசிட்டு என்ன சொன்னாங்கன்னு இங்கயே எழுதுங்க, சேந்து பாப்போம்.