சுருதி இறங்கியது காதில்தான் முதலில் விழுந்தது

படிப்போடு இசையையும் எப்படித் தொடர்கிறோம் என்று எல்லோரும் எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. நான் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு. எட்டு வயதிலிருந்து வீணை.

அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சி (போஸ்டிங்) தொடங்கிய முதல் நாளே நகத்தில் சிக்கல் வந்தது. வீணையை வலது கையின் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மீட்டுவோம். நகம் கொஞ்சம் வளர்ந்திருந்தால்தான் நாதம் கணீரென்று வரும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிஸ்டர் என் கையைப் பார்த்துவிட்டு, "இந்த நகத்தோட உள்ளே வராதம்மா" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நகத்தடியில் கிருமி தங்கும், கையுறையும் கிழியலாம். அங்கேயே வெட்டினேன். நவராத்திரிக் கச்சேரிக்கு 12 நாள்தான் இருந்தது. விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். அன்று இரவு விடுதியில் அழுதேன்.

வீணை டீச்சர் விஷயத்தைக் கேட்டதும் அலமாரியிலிருந்து விரலில் மாட்டும் கம்பி வளையங்களை எடுத்துக் கொடுத்தார். "இது பழகுற வரைக்கும் வர்ணம் மட்டும் வாசி" என்றார். வர்ணம் என்பது விரலைப் பழக்க ஏற்ற உருப்படி. நான் வாசித்தது பைரவி ராகத்தில் அட தாள வர்ணம், தாளத்தின் ஒரு சுற்றுக்கு 14 அட்சரம். காலை ஐந்து மணிக்கு முக்கால் மணி நேரம் அது ஒன்றுதான்.

அந்த வாரம்தான் லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுத் திரையில் பார்த்தபடி, பித்தப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சையை முதல் தடவை பார்த்தேன். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். எல்லார் கண்ணும் திரையில். நாடித்துடிப்போடு மானிட்டர் ஒலித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று அந்த ஒலியின் சுருதி கொஞ்சம் இறங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கியது. சட்டென்று திரும்பினேன். 99 இருந்த ஆக்சிஜன் அளவு 94. மயக்க மருந்து மேடம் எனக்கு முன்பே எழுந்து, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்க மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாயு நிரம்பும்போது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் மேலே தள்ளப்படும், அப்போது மூச்சுக்குழாயில் வைத்த டியூபின் நுனி ஒரு பக்க நுரையீரலுக்குப் போய்விடலாம். மேடம் டியூபைச் சற்றே வெளியே இழுத்தார். ஒலி படிப்படியாக மேலே ஏறியது.

அப்புறம் கேட்டார்: "நீ எப்படிம்மா திரும்பின?"

"சுருதி இறங்குச்சு மேடம்."

ஆக்சிஜன் குறைந்தால் ஒலி இறங்கும்படிதான் அந்தக் கருவியையே அமைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். கண்ணும் கையும் வேறு வேலையில் இருந்தாலும் காது காவல் இருக்கும். மறுநாளிலிருந்து என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். தியேட்டரில் பார்த்ததை அன்றிரவே படித்துவிடுவேன். மறப்பதே இல்லை.

எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். குழந்தைகள் நலப் பாடத்தில் மதிப்பெண் நன்றாகக் குறைந்தது. அதனால் மார்கழியில் ஒரு கச்சேரியை வேண்டாம் என்று சொன்னேன். அது இன்னும் வலிக்கிறது.

நகத்தை இனி வளர்க்கப்போவதில்லை. மெடிசின் வார்டில் மார்பைத் தட்டி, எழும் ஒலியை வைத்து நோயைக் கணிப்பதும் இதே வலது நடுவிரலால்தான். அந்த முறையை 1761-ல் எழுதி வெளியிட்ட வியன்னா மருத்துவர் ஆவன்புருகர், பிற்காலத்தில் இசையமைப்பாளர் சாலியேரியின் இசை நாடகம் ஒன்றுக்கு வரிகள் எழுதியவர். இதைப் படித்த அன்று மனசுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

நவராத்திரிக்குக் கம்பி வளையத்தோடுதான் வாசித்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட டீச்சர் முடிந்ததும் சொன்னார்: "நாதம் கொஞ்சம் கறாரா இருக்கு. கமகம் சரியா இருக்குடி."