அடிக்கடி ஊர் மாறும் குடும்பம்: வீட்டிலேயே படிக்கப்போகும் எட்டு வயது மகளுக்கு எந்தப் பாடத்திட்டம்?

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் பாலக் கட்டுமானப் பணியில் மேற்பார்வையாளராக இருக்கிறார். ஓரிடத்தில் வேலை முடிந்ததும் குடும்பத்தோடு அடுத்த ஊருக்குப் பெயர வேண்டியிருப்பதால், மூன்றாம் வகுப்பை முடித்துள்ள எங்கள் மகளைச் சில ஆண்டுகளாவது வீட்டிலேயே படிக்க வைக்க எண்ணியிருக்கிறோம். தமிழைத் தங்குதடையின்றி வாசிப்பாள். கணக்கு என்றால் முகம் வாடிவிடுகிறது. ஆங்கிலத்தை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள்.

உறவினர் ஒருவர் சி.பி.எஸ்.இ. நூல்களை வாங்கிக் கற்பிக்கச் சொல்கிறார். இன்னொருவர், வெளிநாட்டிலிருந்து பெட்டியாக வரும் முழு ஆண்டுப் பாடத்தொகுப்பை வாங்கினால் கவலையே இல்லை என்கிறார். அதன் விலையோ எங்கள் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். மாநிலப் பாடநூல்களே போதுமா? இப்போது தவறான பாதையில் இறங்கிப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியாமல் போய்விடுமோ என்பதே என் பெரிய அச்சம்.

பதில் 1 (சட்டம் பயின்ற ஒருவர்)

அம்மா, பாடத்திட்டத்துக்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடை செய்யவும் இல்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை.

ஊர் மாறுவதுதான் உங்கள் சிக்கல் என்றால் 4ஆம், 5ஆம் பிரிவுகளையும் படித்துப் பாருங்கள். இடையில் படிப்பு நின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதும், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதும் அவற்றில் உள்ளன. எனவே போகும் ஊரிலெல்லாம் அரசுப் பள்ளியில் சேர்ப்பதும் உங்களுக்குத் திறந்திருக்கும் வழிதான். தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருப்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு வரும்போது இந்த முடிவை மறுபடியும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2 (இரண்டு பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கும் தந்தை)

சகோதரி, பாடத்திட்டத்தை மூன்றாம் வகுப்பிலிருந்து மேல்நோக்கித் தேடாமல், பத்தாம் வகுப்பிலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். பிள்ளை எந்த வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதப்போகிறாள் என்பது தெளிந்துவிட்டால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் எந்த நூலை வைத்துக் கற்பித்தாலும் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது.

முதலில் உறவினரின் யோசனை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பயன்படும் என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் நல்ல நூல்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அந்த நூல்களைப் படித்துவிட்டதால் மட்டும் வீட்டில் படிக்கும் பிள்ளை சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட முடியாது. அந்த வாரியம், முன்பு தேர்வெழுதித் தவறியவர்கள் போன்ற சில குறிப்பிட்ட பிரிவினரையே தனித்தேர்வர்களாக, அதாவது பள்ளியில் படிக்காமல் நேரடியாகத் தேர்வெழுதுபவர்களாக ஏற்கிறது. மேலும் அந்நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளிலேயே கிடைப்பதால், ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு, ஏற்கெனவே அஞ்சுகிற கணக்கை அறியாத மொழியிலும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற வழி, 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். பதினான்கு வயது நிறைவடைந்தவர்கள் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஒரு மொழிப்பாடமாவது உள்ளிட்ட ஐந்து பாடங்களில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். தமிழையே மொழிப்பாடமாக எடுக்கலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. ஒருமுறை பதிவு செய்தால் அது ஐந்தாண்டுகள் செல்லும் என்பதால், எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஊர் ஊராகப் போகும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: மனையியல், ஓவியம் என்று எளிதாகத் தோன்றும் பாடங்களாகவே எடுத்துவிட்டுப் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவைக் கேட்டால் கிடைப்பது கடினம். கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடாதீர்கள்.

மாநில வாரியத்திலும் வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைவடைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பையும் அவ்வாறே எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து வகுப்புக்குச் சென்றாக வேண்டும் என்பதால், அந்த ஆண்டில் ஒரே ஊரில் தங்கியிருப்பது அவசியம்.

வெளிநாட்டுப் பெட்டியை வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்தத் தொகுப்பு இங்குள்ள எந்தத் தேர்வோடும் இணைந்ததன்று. அதிலுள்ள பணமும் அளவைகளும் பருவங்களும் வேற்று நாட்டுக்கு உரியவை. பின்னாளில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வாரியத் தேர்வு எழுத விரும்பினாலும் அதற்குத் தனித்தேர்வராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். கட்டணமும் பாடம் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் வரும். அதற்கு இப்போதிருந்தே செலவழிக்க வேண்டியதில்லை.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பத்தாம் வகுப்பைப் பற்றிய அச்சம் பெருமளவு நீங்கியது. ஆறாம் வகுப்பில் மறுபடியும் யோசிக்க வேண்டும் என்பதையும் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் இப்போதைக்கு மாநிலப் பாடநூல்களை வைத்துத் தொடங்கலாமா? கணக்கில் எங்கிருந்து தொடங்குவது?

பதில் 3 (பணி ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை)

தொடங்கலாம் அம்மா. மாநிலப் பாடநூல்களைக் காசில்லாமலே பதிவிறக்கிக்கொள்ளலாம். தொடக்க வகுப்புகளுக்கு அவை பருவம் பருவமாகப் பிரிந்திருப்பதால் பெட்டியில் சுமையும் குறைவு.

எந்த வகுப்பு நூல் என்பதை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மகளிடம் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால் அதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். 7இலிருந்து 2ஐயும் 5இலிருந்து 2ஐயும் கழித்து, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைத்தான் எப்போதும் எடுக்க வேண்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள் என்பது அதில் தெரிகிறது. அத்தகைய பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் விதியை நூறு முறை ஒப்பிக்க வைத்தாலும் பயனில்லை. துடைப்பத்து ஈர்க்குகளை ஒரே அளவாக நறுக்கிப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து 27 குச்சிகளைக் கேளுங்கள். இரண்டு கட்டுகளை உடனே எடுத்து நீட்டுவாள். ஏழு குச்சிக்குக் கையில் இரண்டுதான் இருக்கும். அப்போது நீங்கள் வாய் திறக்க வேண்டாம். ஒரு கட்டை அவளே அவிழ்க்கட்டும்; அவிழ்த்த பின் என்ன நடந்தது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். சில வாரம் இதையே எண்களை மாற்றி மாற்றிச் செய்தால், அந்த முக வாட்டம் மெல்லக் குறையும்.

தமிழ் வாசிப்பு நன்றாக இருப்பது உங்கள் பெரும்பலம். அறிவியலையும் சமூக அறிவியலையும் தமிழிலேயே படிக்கட்டும். ஆங்கிலத்துக்கு இலக்கணப் பயிற்சி நூல் இப்போது வேண்டாம். படங்கள் நிறைந்த சிறு நூல்களை நாள்தோறும் நீங்கள் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

கழித்தலில் தடுமாறினால் இரண்டாம் வகுப்புக் கணக்கு நூலிலிருந்தே தொடங்குங்கள். அட்டையில் இருக்கும் வகுப்பு எண் அவள் கண்ணில் படாதபடி பழுப்புத் தாளில் உறை போட்டுவிடுங்கள். தன்னைக் கீழ்வகுப்புக்கு இறக்கிவிட்டார்கள் என்று பிள்ளை நினைத்துவிட்டால் அந்த நூலைத் தொடவே மாட்டாள்.