சேகோனின் நாட்: சுடுவதற்கு ஆறு நொடிகூடக் கிடையாது

வாளையார்:
பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் சூலூரில் 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு மறுபடி பறக்கத் தொடங்கிய இந்திய விமானப்படையின் 18ஆம் ஸ்குவாட்ரன்தான், 1971 பாகிஸ்தான் போரில் நிர்மல்ஜித் சிங் சேகோன் பறந்த அணி. விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அவர் வீரத்தைப் பேசும் அளவுக்கு அவர் ஓட்டிய நாட் (Gnat) என்ற சிறிய போர் விமானத்தைப் பேசுவதில்லை. இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர்கூட வராது. எஞ்சினுக்குக் காற்று போகும் இரண்டு வாய்களின் ஓரத்திலும் ஆளுக்கொன்றாக 30 மி.மீ. ஏடன் பீரங்கி, ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு. நிமிடத்துக்குச் சுமார் 1,200 குண்டு வேகம் என்றால் ஆறு நொடிக்குள் தீர்ந்துவிடும். எதிரே வந்த பாகிஸ்தானின் சேபர் போர் விமானத்தில் ஆறு 12.7 மி.மீ. துப்பாக்கிகள். குண்டு சிறியது, ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் சுடலாம். அதனால் நாட் விமானி கிட்டப் போய், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுட வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை:
அதைவிடக் கடினம் மேலேறுவதுதாங்க. டிசம்பர் 14 அன்று பெஷாவரிலிருந்து வந்த ஆறு சேபர்கள் ஸ்ரீநகர் ஓடுபாதையில் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு நாட் விமானி கும்மனும் சேகோனும் கிளம்பினார்கள். ஸ்ரீநகர் கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டரைத் தாண்டியது. காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சினின் உந்துவிசை குறையும், கிளம்ப ஓடுபாதையில் ஓட வேண்டிய தூரம் நீளும். தரையை விட்டவுடன் வேகமும் இல்லை, உயரமும் இல்லை. மேலிருந்து பாய்கிறவனிடம் இரண்டும் இருக்கும். கும்மன் பார்வையிலிருந்து சேகோன் மறைந்துவிட, அதன்பின் அவர் தனி ஆள். அப்படியும் ஒரு சேபரில் குண்டு பாய்ச்சினார், இன்னொன்று தீப்பற்றியது என்கிறது விருது அறிவிப்பு.

அதே ஆண்டு நவம்பர் 22 அன்று கிழக்கு எல்லையில் நடந்த போய்ரா வான் சண்டையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே நாட் விமானங்கள் நான்கு. கொல்கத்தா டம்டம்மிலிருந்து கிளம்பி, தரைக் கட்டுப்பாட்டு அறை வழிகாட்ட, எதிரி இருக்குமிடம் தெரிந்தே போனார்கள். இரண்டு சேபர்கள் வீழ்ந்தன, மூன்றாவது சேதத்தோடு திரும்பியது.

சித்தூர் (பாலக்காடு):
வாளையார் அண்ணா பீரங்கி பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பீரங்கி நடுவில் சிக்கிக்கொள்வது 1965 போரிலேயே நாட் விமானத்தின் தீராத தொல்லை. 230 குண்டும் வெளியே வரும் என்று விமானி நம்பிவிட முடியாது. இன்னொரு தொல்லை ஹைட்ராலிக்ஸும் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பகுதிகள்) கட்டுப்பாட்டு அமைப்பும். சேகோனின் விமானம் அடிபட்ட பிறகும் கொஞ்ச தூரம் நேராகவே பறந்தது. பிறகுதான் கவிழ்ந்து கீழே பாய்ந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்ததே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. கண்ணாடி மூடி பறந்ததைத் தரையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். கடைசி நேரத்தில் வெளியேற முயன்றிருக்கிறார். விமானம் தாழ்வாக, தலைகீழாக இருக்கும்போது வெளியேற்றும் இருக்கை ஆளைத் தரையை நோக்கித்தான் தள்ளும். பாரசூட் விரிய இடம் இருக்காது.