ஆறு அங்குலக் குழல் ரிவால்வரில் ஒரு குண்டு மட்டும் விலகுவது ஏன்?

கேள்வி (திருமங்கலம்):
வணக்கம். தாத்தாவுக்குப் பின் வாரிசு முறையில் உரிமம் பெற்று என்னிடம் வந்த, .32 போர் (குழல் விட்ட அளவு) ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹேண்ட் எஜெக்டர் ரிவால்வரைக் கொண்டு மதுரையில் உள்ள ரைபிள் கிளப் ஒன்றில் 25 மீட்டர் இலக்கில் பயிற்சி செய்து வருகிறேன். சுத்தியலை (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் பகுதியை) ஒவ்வொரு முறையும் பின்னுக்கு இழுத்து நிறுத்தியே சுடுகிறேன். ஐந்து தோட்டா கொண்ட பெரும்பாலான சுற்றுகளில் நான்கு நெருக்கமாக விழ, ஒன்று மட்டும் இடப்பக்கம் கீழே விலகிவிடுகிறது. எப்போதாவது ஒரு சுற்றில் ஐந்தும் சேர்ந்து விழுகின்றன. குழல் நீளமே காரணம் என்றும், அதை வெட்டிக் குறைக்கலாம் என்றும் ஒருவர் சொன்னது என்னைக் கலங்க வைத்துவிட்டது.

பதில் (கே.கே. நகர்):
தம்பி, குழலில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். உரிமமின்றித் துப்பாக்கிக் குழலைக் குறைப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டது. ஒரு பழைய துப்பாக்கியின் மதிப்பும் அதோடு போய்விடும். மேலும், நீளம் உங்களுக்கு உதவியே செய்கிறது. குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் இருந்தால், முன் சைட் 1 மில்லிமீட்டர் பிசகும்போது 25 மீட்டரில் குண்டு 250 மில்லிமீட்டர் விலகும். இடைவெளி 200 ஆனால் விலகல் 125 தான். பன்னாட்டு சென்டர் ஃபயர் (தோட்டா அடியின் நடுவே தட்டிச் சுடும் வகை) போட்டி விதிகள் 153 மில்லிமீட்டர் வரை குழலை அனுமதிப்பதால், 152.4 மில்லிமீட்டர் கொண்ட உங்கள் ஆறு அங்குலம் அதற்குள் அடங்கிவிடுகிறது. வலக்கையால் சுடுபவருக்கு இடப்பக்கம் கீழே விழுவது, ட்ரிகரை வெடுக்கென இழுப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

பதில் (மேலூர்):
ட்ரிகர்தான் காரணம் என்றால் நான்கு குண்டுகள் அவ்வளவு நெருக்கமாக விழுவது அரிது என்பது என் எண்ணம். தோட்டாக்களை ஏற்றும் சுழலும் சிலிண்டரில் அறைகள் ஆறு, நீங்கள் நிரப்புவதோ ஐந்து. பழுதான ஓர் அறை காலியாக அமைந்த சுற்றில் மட்டும் விலகல் மறைந்துவிடுகிறது என்று கொண்டால், நீங்கள் சொன்னது முழுவதும் பொருந்துகிறது. அறைகளுக்கு மார்க்கரால் எண்ணிட்டு, ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி இலக்குத் தாள் வைத்துச் சுடுங்கள். பிறகு, துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, சுத்தியல் முழுமையாக நிற்பதற்குள் ஆறு அறைகளிலும் சிலிண்டர் இறுகப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஏதேனும் ஓர் அறை நேராக நிற்காவிட்டால், குண்டு குழலின் பின்வாயில் உரசி, ஈயத்தை ஒரு பக்கமாகச் சீவிக்கொண்டே நுழையும்.

கேள்வி கேட்டவர்:
ஐயா, நான்காம் அறையின் குண்டுகள் மட்டுமே விலகுகின்றன. பூட்டுவதில் குறை ஏதும் தெரியவில்லை. ஆனால் அந்த அறையின் முன்வாயில் ஈயம் தடித்துப் படிந்து, அதனருகே துருப்புள்ளிகளும் தெரிகின்றன. தேர்தலுக்காக ஒப்படைத்திருந்த காலம் முழுவதும் துப்பாக்கி தோல் உறைக்குள்ளேயே இருந்தது.

பதில் (மேலூர்):
தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். இனி உறையைத் தனியே வையுங்கள். துருப்பிடித்துச் சொரசொரப்பான இடத்தில் ஈயம் எளிதில் ஒட்டும். பித்தளைத் தூரிகையாலும் ஈயம் நீக்கும் கரைசலாலும் பொறுமையாகத் துடைத்தபின், அதே அறையை மட்டும் மறுபடி சுட்டுப் பாருங்கள். அப்போதும் விலகினால், உப்புத்தாளோ அரமோ படாமல், பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுத்து ஆறு அறை வாய்களின் விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதுவரை நான்காம் அறையைக் காலியாக விட்டு ஐந்தை நிரப்பிப் பயிற்சியைத் தொடரலாம்.